நிரம்பக் கூடாத டேங்க்

சித்திரை பாதி கழிந்தால் மாலைச் செய்தியில் திருத்தணியின் பெயர் அடிக்கடி அடிபடும். வேலூர், கரூர் பரமத்தி, மதுரை விமான நிலையம் என்று நூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிய ஊர்களை வாசிக்கும்போது முருகனின் ஐந்தாம் படைவீடும் அதில் இருக்கும். சென்னையிலிருந்து திருப்பதிக்குப் போகிற வேன்கள் பல வழியில் இங்கே நின்று மலையேறும். தரிசனம் முடிகிறவரை வண்டி வெயிலில்தான் கிடக்கும். அந்த வேன்களில் சில கேஸில் ஓடுபவை. ஏற்றிவிட்ட கண்ணாடிக்குள் வெப்பம் வெளியே இருப்பதைவிடப் பத்துப் பதினைந்து டிகிரி செல்சியஸ் கூடிவிடும். பின்சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் எல்பிஜி டேங்க் அத்தனையையும் தாங்க வேண்டும். அது தாங்குவதற்கு இரும்பின் கனம் பாதிக் காரணம். உள்ளே வேண்டுமென்றே விட்டுவைத்த காலி இடம் மீதிக் காரணம்.

எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. திறந்த வெளியில் புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும். பியூட்டேன் சுழியத்துக்கு அரை டிகிரி கீழே. ஆகவே நம் ஊரில் இரண்டும் வாயுக்கள்தான். ஆனால் கொஞ்சம் அழுத்தினால் போதும், திரவமாகிவிடும். ஒரு லிட்டர் திரவத்துக்குள் சுமார் 250 லிட்டர் வாயு அடங்கிக் கிடக்கிறது. சிஎன்ஜிக்கு இந்த வசதி கிடையாது. அதை வாயுவாகவே 200 பார் அழுத்தத்தில் திணிக்க வேண்டும். அதனால்தான் அதன் சிலிண்டர் அவ்வளவு கனம்.

இந்தத் திரவத்துக்கு ஒரு குணம் உண்டு: வெப்பத்தில் தாராளமாகப் பெருகும். விடியற்காலை 25 டிகிரியில் பிடித்த கேஸ், பூட்டிய வண்டியில் 55 டிகிரியை எட்டினால் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு பெருத்துவிடும். அதே சூட்டுக்குத் தண்ணீர் நூற்றில் ஒரு பங்குதான் பெருகும். டேங்கைக் கழுத்துவரை நிரப்பியிருந்தால் பெருகும் திரவம் எங்கே போகும்? திரவத்தைச் சுருக்க முடியாது. மேலே வாயுவுக்கு இடமில்லாமல் போன பிறகு, ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பல பார் தாவும். அதற்காகத்தான் வண்டி டேங்கில் 80 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று விதி. 60 லிட்டர் டேங்க் என்றால் 48 லிட்டர்தான். “முழுசா போடலியே” என்று பங்க்கில் சண்டை பிடிப்பவர்கள் தங்கள் உயிருக்கு விட்ட இடத்தைத்தான் விலை பேசுகிறார்கள். வீட்டுச் சிலிண்டரிலும் இதே கதைதான். 33.3 லிட்டர் தண்ணீர் கொள்கிற பாத்திரத்தில் 14.2 கிலோ கேஸ் மட்டுமே அடைக்கிறார்கள்.

அழுத்தத்தைப் பார்த்து எவ்வளவு கேஸ் மிச்சம் என்று சொல்லவும் முடியாது. டேங்கில் 40 லிட்டர் இருந்தாலும் நாலு லிட்டர் இருந்தாலும், ஒரே வெப்பத்தில் அழுத்தம் ஒன்றேதான்; திரவம் ஒரு கரண்டி மிஞ்சியிருந்தாலும் அது ஆவியாகி அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீட்டு அடுப்பு கடைசி நாள்வரை நன்றாக எரிந்துவிட்டுத் திடீரென்று காலைவாருவது இதனால்தான். வண்டி டேங்கில் அளவு காட்டுவது மிதவை. குறிப்பிட்ட மட்டம் வந்ததும் நிரப்புவதை நிறுத்துவதும் மிதவைதான். ஏற்றச் சாலையில் வண்டியைச் சாய்வாக நிறுத்திக் கேஸ் பிடித்தால் அந்த மிதவை ஏமாந்துவிடும்.

சோதனைக்கோ பழுதுக்கோ டேங்கைக் கழற்றி மாட்டும்போது தலையாய விஷயம் அது எந்தப் பக்கம் பார்த்து உட்காருகிறது என்பதுதான். டேங்கின் அடியில் திரவம், மேலே ஆவி. வண்டி எஞ்சினுக்குத் திரவம் வேண்டும். அதனால் உள்ளே ஒரு குழாய் அடிவரை போகிறது. திரவம் எஞ்சினுக்குப் பக்கத்தில் உள்ள வேப்பரைசருக்கு வந்து, ரேடியேட்டர் சுடுதண்ணீரின் சூட்டில் ஆவியாகும். சமையல் அடுப்புக்கு வேண்டியது ஆவி. அதை மேலிருந்துதான் எடுக்க வேண்டும். வீடுபோல் தங்க அமைத்த அமெரிக்க, ஐரோப்பியப் பழைய மோட்டார்ஹோம்களில் வண்டித் தரைக்கு அடியில் ஒரு புரொப்பேன் டேங்க் தொங்கும். அடுப்பு, வெந்நீர், குளிர்காலக் கணப்பு, ஏன் பிரிட்ஜ்கூட அந்தக் கேஸின் சுடரில்தான் ஓடும். துருவைச் சுரண்டி வண்ணம் அடித்து அந்த டேங்கைத் திரும்ப மாட்டும்போது அதைக் கால் வட்டம் திருப்பி வைத்துவிட்டால் ஆவிக் குழாய் திரவத்தில் மூழ்கிவிடும். அடுப்புக் குழாயில் திரவம் வந்தால் சுடர் என்று ஒன்று இருக்காது, தீப்பந்தம்தான்.

அந்த டேங்குகளில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. பழையவற்றில் நிரப்புவதைத் தானே நிறுத்தும் மிதவை கிடையாது. பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய் உள்ளே 80 சதவீத மட்டம்வரை இறங்கும். நிரப்புகிறவர் திருகைத் தளர்த்திவிட்டுக் காத்திருப்பார். கண்ணுக்குத் தெரியாத ஆவி சீறுகிறவரை நிரப்பலாம். வெள்ளையாகத் திரவம் தெறித்தால் நிறுத்த வேண்டும். மின்சாரம் இல்லை, கருவி இல்லை, ஒரு திருகுதான். டேங்க் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் இந்தத் திருகும் பொய் சொல்லும்.

நம் நாட்டில் எல்பிஜியை வண்டி எரிபொருளாகச் சட்டம் ஏற்றது மோட்டார் வாகனச் சட்டத்தின் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு முன்பே மாருதி ஆம்னிக்காரர்கள் வீட்டுச் சிலிண்டரை வண்டியில் ஏற்றிவிட்டார்கள் என்பது ஊரறிந்த ரகசியம். இப்போது வண்டிக்கென்று தனி டேங்க், அதன் தலையில் மல்ட்டி வால்வு, ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றம் பதிவு, ஐந்து வருடத்துக்கு ஒரு முறை டேங்கைக் கழற்றி ஹைட்ரோ டெஸ்ட். இந்தச் சோதனையை வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோ அங்கீகரித்த நிலையத்தில்தான் செய்ய வேண்டும்.

சோதனையில் டேங்குக்குள் தண்ணீரை ஏற்றி அழுத்துகிறார்கள், காற்றை ஏற்றுவதில்லை. அழுத்திய காற்று விசையைச் சேர்த்து வைத்திருக்கும். டேங்க் பிளந்தால் குண்டாகிவிடும். தண்ணீர் அப்படிச் சேர்த்து வைக்காது. பிளந்தால் ஒழுகும், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் உலர்த்த வேண்டும். எல்பிஜி ஆவியாகும் இடம் சில்லென்று குளிரும்; மிஞ்சிய ஈரம் அங்கே பனிக்கட்டியாகிக் குறுகிய துளைகளை அடைத்துவிடும். மாட்டிய பிறகு உள்ளே இருக்கும் காற்றையும் வெளியேற்றியாக வேண்டும். “காலி டேங்க்தானே” என்று அதன் பக்கத்தில் வெல்டிங் வைப்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? திரவம் தீர்ந்த டேங்கிலும் ஆவி நிற்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு எல்பிஜி கலந்தாலே ஒரு பொறி போதும்.

அடுத்தது பிடிப்பு. ஐரோப்பிய விதி எண் 67-இன்படி, காரில் உள்ள எல்பிஜி டேங்க் முன்னோக்கிப் போகும் திசையில் தன் எடையைப் போல 20 மடங்கு விசைக்கு ஈடுகொடுக்க வேண்டும். இரும்பும் கேஸும் சேர்ந்து 50 கிலோ என்று வையுங்கள். மோதுகிற நொடியில் அது ஒரு டன்னாகிறது. ஆம்னியின் தரைத் தகட்டில் வெறுமனே ஓட்டை போட்டு நட்டு முறுக்கினால் தகடு கிழியும், டேங்க் முன்சீட்டுக்கு வரும். தகட்டுக்கு அடியில் கனமான இரும்பு வில்லை கொடுத்து, போல்ட்டை அதன் வழியாக இறக்க வேண்டும். டேங்கைச் சுற்றும் பட்டைக்கும் டேங்குக்கும் நடுவே ரப்பர் இருக்க வேண்டும். பழைய ரப்பரை அப்படியே திரும்ப வைப்பது பலர் செய்கிற வேலை, தவறான வேலை. அந்த ரப்பருக்கு அடியில்தான் ஈரம் தேங்கித் துரு பிடிக்கும், வெளியே பார்த்தால் தெரியாது.

மல்ட்டி வால்வில் பல காவல்கள் ஒன்றாக இருக்கின்றன. குழாய் அறுந்து கேஸ் வேகமாகப் பாய்ந்தால் தானே மூடிக்கொள்கிற வால்வு, நிரப்பும் வாயிலிருந்து கேஸ் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு, கையால் மூடும் திருகு, மட்டம் காட்டும் மிதவை. அழுத்தம் மீறினால் திறக்கும் வால்வும் உண்டு. ஐரோப்பிய விதி அதை 27 பாரில் திறக்கச் சொல்கிறது. 40 டிகிரியில் சுத்தப் புரொப்பேனே சுமார் 13 பார்தான், பியூட்டேன் கலந்தால் இன்னும் குறைவு. ஆகவே திருத்தணிக் கத்திரி வெயிலில் அந்த வால்வுக்கு வேலை இருக்கக் கூடாது. அது வெயிலில் திறந்தால் டேங்கில் அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள்.

வால்வைச் சுற்றி ஒரு பெட்டி, அதிலிருந்து வண்டிக்கு வெளியே போகும் குழாய். இது அலங்காரம் இல்லை. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது; கசிந்தால் மேலே போகாமல் தரையில் படுத்துக்கொள்ளும். பழைய மோட்டார்ஹோம்களில் கேஸ் அறையின் தரையில் ஓட்டைகள் இருப்பது இதற்காகத்தான். அழகுக்காகப் புதுக் கம்பளம் விரிப்பவர்கள் முதலில் அடைப்பது அவற்றை. கசிவு பார்க்கச் சோப்புத் தண்ணீர் போதும். மூக்கை மட்டும் நம்ப வேண்டாம். எல்பிஜிக்கு இயல்பில் வாசனை கிடையாது. மெர்காப்டன் கலந்துதான் அந்த நாற்றத்தைத் தருகிறார்கள், அதுவும் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும்.

இத்தனை ஏற்பாடும் இல்லாத சிலிண்டர் ஒன்று பயணத்தில் என்ன செய்யும் என்பதை மதுரை 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் பார்த்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்களின் ரயில் பெட்டி மதுரை நிலையத்தருகே நின்றிருந்தபோது, விதியை மீறி ஏற்றிவந்த சிலிண்டரில் தேநீர் போட முனைய, தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். வீட்டுச் சிலிண்டர் நிற்பதற்கும் காற்றோட்டமான சமையலறைக்கும் செய்தது. ஆடும் வண்டியில் அது சாயும், உருளும். படுத்தால் ஆவிக்குப் பதில் திரவத்தைக் கக்கும். ஆடிக் கிருத்திகைக்கு வருகிற வேன்களில் இன்னமும் படுதாவுக்கு அடியில் ஒரு சிவப்புச் சிலிண்டர் இருக்கிறது. பொங்கிச் சாப்பிட வேண்டுமென்றால் கீழே இறக்கி, வண்டியை விட்டுத் தள்ளி, நிமிர்த்தி வைத்துச் சமைக்கட்டும்.

பழைய கேஸ் வண்டி வாங்குகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் டிக்கியைத் திறந்து டேங்கின் மேல் பதித்த தகட்டைப் படியுங்கள். சோதனை முடிந்த மாதமும் வருடமும் அதில் இருக்கும். ஐந்து வருடம் தாண்டியிருந்தாலோ, தகடே இல்லாமல் போயிருந்தாலோ, அந்த டேங்கில் அடுத்த லிட்டரைப் பிடிக்காதீர்கள்.