சர்க்கரை நோய்க்குக் களி மட்டும் போதுமா?

சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் அரிசிச் சோற்றை விட்டு, மூன்று வேளையும் கேழ்வரகுக் களி உண்ணத் தொடங்குவோர் பலர். 100 கிராம் கேழ்வரகிலும் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து உண்டு. அரிசியில் சற்றே அதிகம், அவ்வளவுதான். நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மையே. ஆனால் வயிறு நிறையக் களி உண்டால் அந்தப் பயன் போய்விடும். தட்டில் பாதிக்குக் கீரை, அவரை, புடலை; கால் பங்கு பயறோ மீனோ; மீதியே களி அல்லது சோறு.

இன்சுலினோ, சிலவகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு மண்வெட்டி பிடிக்கக் கூடாது. வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். வயலுக்குப் போகையில் ஒரு பொட்டலம் மடியில் இருக்கட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.