காது கொடுத்துக் கேட்கும் டாக்டரைத் தேடுங்கள்!

சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நடந்தது. ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

இருபத்து நாலு வயசுப் பையனை அழைத்துக்கொண்டு ஒரு தம்பதி என் வைத்தியசாலைக்கு வந்தார்கள். “டாக்டர், இவன் ராத்திரி தூங்கறதே இல்லை. சாப்பாடும் இறங்கலை. கல்யாணப் பேச்சை எடுத்தா, ‘எனக்குப் பொண்ணுங்க மேல நாட்டமே இல்லை, ஆம்பளைங்க மேலதான்’னு சொல்றான். எப்படியாவது மாத்திக் கொடுங்க” என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையன் தலையே நிமிரவில்லை.

நான் நாடி பார்த்தேன். நாக்கைப் பார்த்தேன். ‘பித்தம் மிஞ்சியிருக்கு’ என்று அமுக்கரா சூரணம் எழுதிக் கொடுத்து, ஒரு மண்டலம் பாலில் சாப்பிடச் சொன்னேன். கூடவே, ஆலோசகர் ஒருவரிடமும் அனுப்பி வைத்தேன். அவர் இரண்டு நாள் புத்திமதி சொல்லிவிட்டு, “ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாயிடும்” என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பையன் தனியாக வந்தான். “டாக்டர், அன்னிக்கு என் கையைப் பிடிச்சீங்க. ஆனா என்கிட்ட ஒரு கேள்விகூடக் கேக்கலை. எல்லாத்தையும் அம்மாகிட்டதான் கேட்டீங்க. எனக்குத் தூக்கம் வரலை, அதுக்கு மருந்து வேணும். நான் இப்படி இருக்கறதுக்கு மருந்து வேண்டாம்” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. சித்த மருத்துவத்தில் எண்வகைத் தேர்வு என்று உண்டு. நாடி, பரிசம், நா, நிறம், விழி, மலம், மூத்திரம் இவற்றோடு ‘மொழி’யும் அதில் ஒன்று. நோயாளியின் பேச்சைக் கவனிப்பதும் பரிசோதனைதான். கல்லூரியில் படித்த அந்தப் பாடத்தைக் கோட்டை விட்டவன் நான்!

நோய் எது, நோய் இல்லாதது எது?

தன்பால் ஈர்ப்பு நோயல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2022-ல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில், திருநங்கையர், திருநம்பியர் நிலையும் மனநோய் என்ற தலைப்பின் கீழ் இல்லை. ஆனால் ஊரார் ஏச்சும் வீட்டார் நெருக்கடியும் சேர்ந்தால் தூக்கம் கெடும், பசி போகும், மனச்சோர்வு வரும். வைத்தியம் தேவைப்படுவது அதற்குத்தான்.

2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. பாதுகாப்புக் கேட்டு இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு அது. நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், ‘இந்த விஷயத்தை நானே முதலில் புரிந்துகொள்ள வேண்டும்’ என்று ஓர் உளவியல் நிபுணரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே உத்தரவிட்டார். ஒருவரின் பாலின ஈர்ப்பை வைத்தியத்தால் மாற்ற முயல்வது கூடாது என்றார். அதன் தொடர்ச்சியாக 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிப்பட்ட ‘மாற்று சிகிச்சை’ தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஒரு நீதிபதியே உட்கார்ந்து கற்றுக்கொள்ளும்போது, வைத்தியர்களாகிய எங்களுக்கு என்ன கெட்டுப்போகிறது?

சாதி விஷயத்திலும் இதே கதைதான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன ஒரு பெண், விடுதியில் தன் சாதியைச் சொல்லிக் குத்திக் காட்டுகிறார்கள் என்று அழுதாள். “அதெல்லாம் உன் தாழ்வு மனப்பான்மை” என்றாராம் ஆலோசகர். பட்ட காயத்தையே இல்லை என்று சொன்னால், மருந்தை எங்கே போடுவது?

முதல் போனிலேயே கேளுங்கள்

ஒரு மனநல நிபுணரிடம் போகும் முன் இந்த நான்கையும் விசாரித்துவிடுங்கள்.

1. தகுதி என்ன? மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். கேட்பதில் தப்பே இல்லை.

2. “எங்களைப் போன்றவர்களை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா?”

3. “இதை மாற்ற முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். “ஓ, பத்தே சிட்டிங்கில் மாற்றிவிடலாம்” என்று பதில் வந்தால் போனை வைத்துவிடுங்கள்!

4. “நான் பேசுவது வெளியே போகுமா?” சின்ன ஊரில் டாக்டர் நம் சித்தப்பாவின் சிநேகிதராகவே இருப்பார். அந்தப் பயம் இருந்தால் பக்கத்து ஊருக்குப் போங்கள். அல்லது போனில் ஆலோசனை பெறுங்கள்.

நம் சமூகத்தைச் சேர்ந்தவரே வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள். நியாயமான ஆசைதான். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். அனுபவம் வேறாக இருந்தாலும், ‘எனக்குத் தெரியாது, நீங்க சொல்லுங்க’ என்று கேட்கத் தெரிந்தவர் போதும்.

பேச ஆரம்பித்த பின் அவர் உங்களுக்குப் புத்திமதி சொன்னாலோ, கேலி செய்தாலோ, கல்யாணத்தை மருந்தாகச் சொன்னாலோ எழுந்து வந்துவிடலாம். மற்றபடி இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒன்று மட்டும்... ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடுகிறவர்கள், டாக்டர் பிடிக்கவில்லை என்பதற்காக மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். சித்த மருந்து சாப்பிடுவதாக இருந்தாலும் இரண்டு டாக்டரிடமும் சொல்லுங்கள்.

பணம் இல்லையே என்கிறீர்களா? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. ‘டெலி மானஸ்’ என்ற மத்திய அரசின் இலவசத் தொலைபேசிச் சேவை 2022 அக்டோபரில் தொடங்கியது. எண் 14416. இருபத்து நாலு மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ‘வாழவே பிடிக்கலை’ என்று யாராவது சொன்னால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே பக்கத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

சாதி, பால், பாலின ஈர்ப்பு, மதம் எதை வைத்தும் மனநல சிகிச்சையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-ம் வருட மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. அது சலுகை அல்ல, உங்கள் உரிமை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஆனால் அறைக்கு வெளியே உட்காருங்கள். அவன் பேசட்டும்.

என்னிடம் வந்த பையன் என்ன ஆனான்? விசாரித்து, பொறுமையாகக் கேட்கும் ஓர் உளவியலாளரிடம் அனுப்பினேன். அந்த அம்மையார் செய்த முதல் காரியம், பெற்றோரை வெளியே உட்காரச் சொன்னதுதான்! கொஞ்ச நாளில் தூக்கம் வந்தது, பசி வந்தது. இப்போது வெளியூரில் நல்ல வேலை. அப்பா இன்னமும் முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் வருஷா வருஷம் தீபாவளிக்கு, “எப்போ வர்றே?” என்று முதலில் போன் செய்வது அவர்தானாம்.

இப்போதெல்லாம் நான் நாடி பிடிக்கும் முன் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: “நீங்க சொல்லுங்க... உங்களுக்கு என்ன வேணும்?”