குளநாட்டில் விமான நிலையம்

போக்குவரத்துச் சாதனங்கள் பெருகுதல் ஒரு நாட்டின் முன்னேற்றத்துக்கு அறிகுறி என்பது பொதுவான கருத்து. அக்கருத்துப் பிழையன்று, ஆயினும் முழுமையுடையதுமன்று. மக்களை ஒன்றுசேர்க்கும் வீதியும் இருப்புப்பாதையும் விமானத்தளமும் தாம் அமையும் இடத்து நிலத்தையும் நீரையும் காற்றையும் மாற்றிவிடுகின்றன. வன்னிப் பெருநிலப்பரப்பிலே வவுனியாவிலும் இரணைமடுவிலும் விமானப்படையின் ஓடுபாதைகள் உள்ளன. இவை விரிவடைய நேர்ந்தாலும், பயணிகளுக்கெனப் புதியதொரு நிலையம் வர நேர்ந்தாலும், அதனாற் சூழலுக்கு விளையும் கேட்டைக் குறைக்கும் வழி யாது என்பது முன்கூட்டியே ஆராயத்தக்க வினாவாகும்.

விமானப் போக்குவரத்தால் விளையும் கேடு இருவகைத்து. ஒன்று வானிலே நிகழ்வது. மற்றையது நிலத்திலே நிகழ்வது.

விமானங்கள் பெரும்பாலும் மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளையே எரிக்கின்றன. அவ்வெரிபொருள் 1 கிலோகிராம் எரியும்போது ஏறத்தாழ 3.16 கிலோகிராம் காபனீரொட்சைட்டு உண்டாகின்றது. எரிந்த பொருளிலும் எழுந்த வாயு நிறையிற் கூடியிருத்தல் எவ்வாறெனின், எண்ணெயிலுள்ள காபன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்வதனாலாம். உலகில் எரிபொருள்களால் வெளிவரும் காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய 2.5 சதவீதம் விமானங்களால் வருவது. அன்றியும், உயர்வானிலே விமானத்தின் பின்னே நீளும் வெண்மேகக் கோடுகள் புவியிலிருந்து மேலெழும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதனால், வெப்பமேறுதலில் விமானங்களின் பங்கு மேலும் மிகுகின்றது.

இதற்குப் பரிகாரங்கள் பல தேடப்படுகின்றன. படிப்படியாக இறங்கி இடையிடையே நேராகப் பறப்பதை விடுத்து, ஒரே சரிவாக இறங்கினால் எரிபொருளும் மிஞ்சும், இரைச்சலுங் குறையும். தரையில் நிற்கும் விமானம் தன் சிறு எந்திரத்தை ஓட்டாது நிலையத்து மின்சாரத்தைப் பெறுவதும் நன்று. பாவித்த சமையலெண்ணெய், கொழுப்பு முதலியவற்றிலிருந்து ஆக்கப்படும் மாற்று எரிபொருளை மட்டுமே கொண்டு 2023 நவெம்பரில் ஒரு பெரும் பயணி விமானம் இலண்டனிலிருந்து நியூயோர்க்குக்குப் பறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்து நிலையங்களில் வழங்கப்படும் எரிபொருளில் 2025ஆம் ஆண்டு முதல் 2 சதவீதமும், 2050இல் 70 சதவீதமும் இத்தகையதாக இருத்தல் வேண்டுமென விதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் பாவித்த எண்ணெய் ஓரளவே கிடைக்கும். பயிரிலிருந்து எண்ணெய் பெற முயன்றால் உணவு விளையும் நிலத்துக்கே போட்டி எழும். ஆகவே, விமானம் வேண்டாத இடத்தில் அதனைத் தவிர்த்தலே எளிய பரிகாரம். இரண்டரை மணி நேரத்துக்குட் புகைவண்டியிற் செல்லக்கூடிய சில உள்நாட்டு வழிகளிற் பிரான்சு 2023இல் விமான சேவையைத் தடைசெய்தது. போரினால் அழிந்த வடபகுதி இருப்புப்பாதை 2013இற் கிளிநொச்சிக்கும் 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மீண்டும் வந்தமை இவ்வகையில் நினைக்கத்தக்கது. அப்பாதையைச் செம்மையுறப் பேணுதலும் சூழலைக் காக்கும் செயலேயாம்.

இனி, நிலத்திலே நிகழ்வதை நோக்கின், கேரளத்துக் கொச்சி நிலையம் நல்ல பாடமாகும். 2015 ஆகஸ்டில் அங்கு 12 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. முழுவதும் சூரிய மின்னால் இயங்கும் உலகின் முதல் விமான நிலையமென அது புகழ்பெற்றது. 2018இல் ஐக்கிய நாடுகளின் சூழல் விருதும் அதற்குக் கிடைத்தது. அவ்வாண்டிலேயே பெரியாறு பெருக்கெடுத்தது. ஆற்றின் வெள்ளச் சமவெளியில் அமைந்த அந்நிலையம் ஏறக்குறைய இரு வாரம் மூடப்பட்டது. சூரிய மின் நிலையத்தின் விளக்குகளை எரிக்கும். வெள்ளத்தின் வழியை மாற்றாது. விமானத்தின் தொட்டியை நிரப்புவதும் அதனால் இயலாது. 2015 டிசெம்பரிற் சென்னை நிலையமும் வெள்ளத்தால் மூடப்பட்டது. அதன் இரண்டாம் ஓடுபாதை அடையாற்றின்மேற் பாலமிட்டு நீட்டப்பட்டதாகும். சென்னைக்கு இரண்டாம் நிலையம் அமைக்கப் பரந்தூர் தெரியப்பட்டதென 2022இல் அறிவிக்கப்பட்டபோது, ஏகனாபுரம் முதலாய ஊர்களின் மக்கள் தம் ஏரிகளும் வயல்களும் அழியுமென எதிர்த்தெழுந்தனர்.

இலங்கையிலும் சான்று உண்டு. 2013 மார்ச்சிலே திறக்கப்பட்ட மத்தள நிலையம் தென்பகுதி வரண்ட வலயத்தில் யானைகள் உலாவும் காட்டு நிலத்தில் அமைந்தது. வலசைப் பறவைகள் தங்கும் புந்தல ஈரநிலமும் அதற்குத் தொலைவிலன்று. விமானங்களிற் பறவைகள் மோதின. 2016 மார்ச்சில் ஓடுபாதைச் சூழலிலிருந்து விலங்குகளைத் துரத்துவதற்குப் படையினரும் பொலிசாருமாக நூற்றுக்கணக்கானோர் ஏவப்பட்டனர். பறவை மோதுதல் சிறு காரியமன்று. 2009 சனவரியில் நியூயோர்க்கில் வாத்துக் கூட்டத்தில் மோதி இரு எந்திரங்களும் செயலற்ற விமானம் 155 பேருடன் அட்சன் ஆற்றில் இறங்க நேர்ந்தது. அனைவரும் உயிர்தப்பினர். எனவே, பறவைக்குரிய இடத்தில் நிலையம் அமைத்தல் பறவைக்கு மட்டுமன்றிப் பயணிக்கும் தீங்காகும்.

இவ்விரு பாடங்களும் வன்னிக்குப் பெரிதும் பொருந்துவன. இது குளங்களால் வாழும் நாடு. ஒரு குளம் வான் பாய, அந்நீர் வாய்க்கால் வழியே கீழுள்ள வயலையும் அடுத்த குளத்தையும் சேர்கின்றது. கனகராயன் ஆறு இரணைமடுவை நிரப்பி, எஞ்சிய நீரை வடகிழக்கே சுண்டிக்குளம் நீரேரிக்குக் கொண்டுசெல்கின்றது. சுண்டிக்குளம் 1938 முதற் பறவைகள் சரணாலயம். 2015இல் தேசிய பூங்காவாயிற்று. 2018 டிசெம்பரின் பெருமழையில் இரணைமடுக் கதவுகள் திறக்கப்பட்டதையும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்ததையும் மக்கள் மறந்திரார். இத்தகைய நீர்வழியின் குறுக்கே பரந்த சீமெந்துத் தளம் அமையுமாயின், நிலத்தில் ஊறவேண்டிய மழைநீர் ஒருங்கே திரண்டோடும். மேலே வயல் மூழ்கும், கீழே குளம் வரளும்.

கிணற்று நீரும் கருதத்தக்கது. எண்ணெய்த் தீயை அணைக்கப் பாவிக்கப்பட்டு வந்த, புளோரின் சேர்ந்த நுரை எளிதிற் சிதையாது. அவுஸ்திரேலியா, சுவீடன், ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் விமானத்தளங்களை அடுத்த நிலத்தடி நீரை அது மாசுபடுத்தியமை அறியப்பட்டது. கிணற்றையே நம்பிக் குடிக்கும் ஊர்களில் புளோரின் அற்ற நுரையையே பாவித்தலும், தளத்துக் கழிவுநீரை எண்ணெய் பிரித்த பின்னரே வெளிவிடுதலும் இன்றியமையாதன.

ஆகவே, கட்டிய பின் செய்யும் பரிகாரங்கள் பலவாயினும், கேட்டின் பெரும்பகுதி இடந்தெரியும் நாளிலேயே முடிவாகிவிடுகின்றது. கூரையிற் சூரியத் தகடு பிறகும் வைக்கலாம். மூடிய வாய்க்காலை மீட்டல் அரிது. மழைக்காலத்தில் நீர் செல்லும் வழி, அலைகரையின் எல்லை, பறவை வந்திறங்கும் பருவம் ஆகியவற்றை நன்கறிந்தவர் அவ்வூர்க் கமக்காரரே. பொறியியலாளர் வரைபடத்தை விரிக்குமுன் அவரைக் கேட்டறிதல் வேண்டும். வானிற் பறத்தற்கு வழி தேடுவோர் முதலில் நிலத்தில் நீர் செல்லும் வழியைக் கண்டறிதலே முறையாகும்.