கணக்கில் வராத பந்துகள்

2017 பிப்ரவரியில் நியூயார்க் யாங்கீஸ் அணியின் பந்துவீச்சாளர் டெலின் பெட்டான்ஸஸ் ஊதிய நடுவர் மன்றத்தின் முன் அமர்ந்திருந்தார். அந்த ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வேண்டும் என்பது அவரது கோரிக்கை. 30 லட்சம்தான் தர முடியும் என்பது அணியின் நிலை. அமெரிக்க பேஸ்பாலின் ஊதிய நடுவர் மன்றத்துக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. இரண்டு தொகைகளில் ஒன்றை அப்படியே ஏற்க வேண்டும்; இடைப்பட்ட தொகையைத் தீர்ப்பாகச் சொல்ல அதிகாரம் இல்லை. அணியே வென்றது. வென்ற கையோடு அணியின் தலைவர் ராண்டி லெவின் செய்தியாளர்களிடம் பேசினார். தாம் விண்வெளி வீரர் அல்லர், அதுபோலவே பெட்டான்ஸஸ் 'குளோசர்' அல்லர் என்று ஏளனம் தொனிக்கக் கூறினார்.

அந்த ஒரு சொல்லில்தான் 20 லட்சம் டாலர் அடங்கியிருந்தது.

பேஸ்பால் ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸ் கொண்டது. ஒவ்வொன்றிலும் எதிரணியின் மூவரை ஆட்டமிழக்கச் செய்ய வேண்டும். முற்காலத்தில் ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளரே பெரும்பாலும் அதை முடித்தும் வைப்பார். இன்று அவர் ஐந்தாறு இன்னிங்ஸோடு ஓய்ந்துவிடுகிறார். எஞ்சியதை 'ரிலீவர்' எனப்படும் மாற்றுப் பந்துவீச்சாளர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். கிரிக்கெட்டைப் போல ஓர் ஓவர் வீசிவிட்டு எல்லைக்கோட்டருகே நின்று, மீண்டும் பந்தைக் கையில் வாங்க இங்கு வழியில்லை. ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர் அன்றைக்குத் திரும்பவே முடியாது. ஒரு பருவத்துக்கு 162 ஆட்டங்கள். மைதானத்தின் ஓரத்தில் 'புல்பென்' என்னும் தனி இடத்தில் ரிலீவர்கள் காத்திருப்பார்கள். அழைப்பு வரக்கூடும் என்றதும் எழுந்து, கையைச் சூடேற்றிக்கொள்ள முழு வேகத்தில் பந்தெறியத் தொடங்குவார்கள். பல நாள்களில் அழைப்பு வராது. தோளும் முழங்கையும் தேய்ந்தது தேய்ந்ததுதான். அந்தப் பந்துகள் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

இவர்களில் பெரும்பாலோர் விரும்பி இந்த வேலைக்கு வந்தவர்கள் அல்லர். ஆட்டத்தைத் தொடங்கும் வேலையில் தேறாமல் போனவர்கள். பெட்டான்ஸஸ் நியூயார்க்கிலேயே வளர்ந்தவர். உயரம் ஆறடி எட்டு அங்குலம். 2006இல் யாங்கீஸ் அவரைத் தேர்ந்தெடுத்தது. அதன்பின் ஏழு ஆண்டுகள் கீழ்நிலை அணிகளில் தொடக்கப் பந்துவீச்சாளராக முயன்றும் பந்து அவர் சொன்ன இடத்துக்குப் போகவில்லை. 2013இல் ரிலீவராக மாற்றப்பட்டார். மறு ஆண்டே முதன்மை லீகில் 90 இன்னிங்ஸ் வீசி, 135 பேரை 'ஸ்ட்ரைக் அவுட்' செய்தார்.

அதன்மூலம் அவர் முறியடித்தது, அதே அணியின் மரியானோ ரிவேரா 1996இல் படைத்திருந்த 130 என்ற சாதனையை. பனாமாவின் புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ ஊரில், தந்தையின் மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர் ரிவேரா. அவரும் 1995இல் தொடக்கப் பந்துவீச்சாளராகத் தோற்றவரே. ஆனால் 1997இல் அணி அவரைக் குளோசராக்கியது. கடைசி நொடியில் விலகும் 'கட்டர்' என்ற ஒரே வகைப் பந்தைப் பெரிதும் நம்பி, 2013 வரை 652 'சேவ்'கள் எடுத்தார். 2019இல், வாக்களித்த 425 பேரும் அவரைப் புகழரங்குக்குத் தேர்ந்தெடுத்தனர். முன்பு எவரும் ஒருமனதாகத் தேர்வானதில்லை.

'சேவ்' என்பது என்ன? சிகாகோவின் விளையாட்டுச் செய்தியாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மேன், ரிலீவர்களின் உழைப்புக்கு அங்கீகாரம் இல்லையே என்ற ஆதங்கத்தில் வகுத்த கணக்கு அது. 1969இல் அதிகாரபூர்வமானது. பொதுவாகச் சொன்னால், மூன்று ரன்களுக்கு மிகாத முன்னிலையில் கடைசி இன்னிங்ஸை வீசி வெற்றியைக் காப்பவருக்கு ஒரு சேவ். எளிய, நல்லெண்ணத்தில் பிறந்த கணக்கு. ஆனால் 1980களின் இறுதியில் ஓக்லண்ட் அணியின் மேலாளர் டோனி லா ரூஸா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு மட்டும் பயன்படுத்தி வெற்றி கண்டார். மற்ற அணிகளும் அவ்வழியே சென்றன. வேலையை அளக்க வந்த கணக்கு, வேலையை யாருக்கு எப்போது கொடுப்பது என்று தீர்மானிக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

2016 அக்டோபரில் இதன் உச்சம் அரங்கேறியது. பால்டிமோரின் குளோசர் ஸாக் பிரிட்டன், அந்தப் பருவத்தில் கிடைத்த 47 சேவ் வாய்ப்புகளில் ஒன்றையும் தவறவிடாதவர். தோற்றால் வெளியேற வேண்டிய ஆட்டம். டொராண்டோவில் சமநிலையில் நீண்டது. முன்னிலை கிடைக்கட்டும், பிரிட்டனை இறக்கலாம் என்று மேலாளர் பக் ஷோவால்டர் காத்திருந்தார். முன்னிலை கிடைக்கவில்லை. 11ஆவது இன்னிங்ஸில் வேறொருவர் வீசிய பந்து எல்லைக்கு வெளியே பறந்தது. நாட்டின் தலைசிறந்த ரிலீவர் ஒரு பந்தும் வீசாமலேயே அவரது பருவம் முடிந்தது. அதே மாதத்தில் கிளீவ்லாந்து அணி ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது, ஆறாவது இன்னிங்ஸிலேயே, ஆட்டம் கைநழுவும் தருணம் பார்த்து இறக்கி, அமெரிக்கன் லீக் பட்டத்தை வென்றது. தொடரின் சிறந்த வீரர் விருதும் மில்லருக்கே கிடைத்தது.

பெட்டான்ஸஸின் வேலையும் பெரும்பாலும் மில்லர் செய்த வகையைச் சேர்ந்தது. 2014 முதல் 2016 வரை 217 ஆட்டங்களில் இறங்கி, 392 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். மூன்று ஆண்டும் ஆல்-ஸ்டார் அணியில் இடம். ஆனால் எட்டாவது இன்னிங்ஸின் கடினமான மூன்று மட்டையாளர்களை வீழ்த்துபவருக்கு சேவ் கிடையாது. ஒன்பதாவதில் எளிய மூவரைச் சந்திப்பவருக்கு உண்டு. நடுவர் மன்றத் தீர்ப்புக்கு இரண்டு மாதம் முன்புதான், குளோசரான அரோல்டிஸ் சாப்மனுக்கு ஐந்தாண்டுகளுக்கு 8.6 கோடி டாலர் தர அதே யாங்கீஸ் ஒப்பந்தம் செய்திருந்தது. சாப்மன் அபாரமான வீரர் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரு தொகைகளுக்கும் இடையிலுள்ள தூரம் இருவரின் திறமைக்கும் இடையில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

கணக்கு தவறானால் பிறகு சரிசெய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். மற்ற தொழில்களில் முடியலாம். ரிலீவரின் தோள் அதுவரை காத்திருக்காது. சந்தை விலையைத் தானே கேட்டுப் பெறும் உரிமை, முதன்மை லீகில் ஆறு ஆண்டு சேவைக்குப் பிறகே வீரருக்கு வருகிறது. பெட்டான்ஸஸுக்கு அந்த ஆண்டு 2019. தோள் காயத்தால் பருவம் முழுதும் ஒதுங்கியிருந்தவர், செப்டம்பர் 15 அன்று டொராண்டோவில் களமிறங்கினார். எதிர்கொண்ட இருவரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அந்த மகிழ்ச்சியில் சிறு துள்ளல் ஒன்று போட்டார். இடது குதிகால் தசைநார் கிழிந்தது.

நகரின் மற்றோர் அணியான மெட்ஸ், ஓராண்டுக்கு 1 கோடியே 5 லட்சம் டாலருக்கு அவரை எடுத்துக்கொண்டது. ஆனால் பழைய வேகம் திரும்பவில்லை. 2021இல் ஒரே ஓர் ஆட்டம். 2022இல் 34 வயதில் ஓய்வை அறிவித்தார். அவர் பெயரில் உள்ள சேவ்கள் 36.