கோழிக்கும் தொப்பை உண்டு!

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊத்துக்கோட்டை கடைத்தெருவில் கறிக்கடை முன்னால் நிற்கிறீர்கள். கடைக்காரர் கோழியின் வயிற்றைக் கீறிக் குடலை இழுக்கும்போது, கூடவே மஞ்சளாக ஒரு கட்டி வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? வெண்ணெய் உருண்டை மாதிரி வழவழவென்று இருக்கும். 'எல்லாம் ஊசி போட்டு வளர்த்தது சார், அதான் இப்படி' என்பார் பக்கத்தில் நிற்பவர். வீட்டில் ஹார்ட் பேஷண்ட் இருந்தால் உங்களுக்குத் திக்கென்று இருக்கும்.

அது ஊசியால் வந்ததல்ல. பரம்பரைச் சொத்து!

வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றிலேயே செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஒரு ஷெட்டில் ஐயாயிரம் கோழி இருந்தால் யார் பிடிப்பது, யார் போடுவது? கட்டுப்படியாகுமா? குஞ்சுகளுக்குக் கொடுப்பது வெள்ளைக்கழிச்சல் போன்ற நோய்களுக்கான தடுப்பு மருந்து. (தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது வேறு கதை. அந்தக் கவலை நியாயமானதுதான்.)

பிறகு எப்படி இவ்வளவு வளர்ச்சி? கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978-ம் வருஷத்துக் கோழி வம்சங்களைக் கலப்பில்லாமல் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றோடு 2005-ம் வருஷத்து பிராய்லரையும் சேர்த்து, ஒரே தீவனம் போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வெளியானது. 56-ம் நாளில் 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1,808 கிராம், 2005 கோழி 4,202 கிராம்! தீவனம் ஒன்றுதான். வித்தியாசம் ரத்தத்தில்.

ஒவ்வொரு தலைமுறையிலும் கனமான சேவல், பெட்டையாகப் பொறுக்கி இணைத்ததன் பலன் இது. எடையைத் தேடினார்கள், பசியும் கூடவே வந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பால் சீகல் என்ற விஞ்ஞானி 1957-ல் ஒரே கூட்டத்துக் கோழிகளை இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் கனமானவற்றை மட்டும், மறுபக்கம் எடை குறைந்தவற்றை மட்டும் இணைத்துக்கொண்டே போனார்கள். நாற்பது தலைமுறையில் எடை வித்தியாசம் எட்டு மடங்கு! கனத்த வம்சம் போதும் என்று சொல்லத் தெரியாமல் தின்று கொழுத்ததால், தீவனத்தை அளந்து போட வேண்டியதாயிற்று. மெலிந்த வம்சத்தில் சில குஞ்சுகள் எதிரே தீவனம் இருந்தும் தின்னாமல் செத்தன. பாவம்.

2010-ல் கோழிகளின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, பிராய்லர்களில் இந்தப் பொறுக்கலின் தடயம் 'டிபிசி1டி1' என்ற ஜீனிலும் தெரிந்தது. மனிதர்களின் உடல் பருமன் விஷயத்திலும் பெயர் அடிபட்ட ஜீன் அது. ஆனால் இது ஒரு ஜீனின் வேலை இல்லை. பல ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் செய்வது.

நமக்கும் கோழிக்கும் இன்னொரு உறவும் உண்டு. கோழி கொழுப்பைத் தயாரிப்பது பெரும்பாலும் கல்லீரலில்தான். தின்ற மக்காச்சோளத்தின் மாவுச்சத்து அங்கே கொழுப்பாக மாறி, 'வி.எல்.டி.எல்.' என்ற பொட்டலமாக ரத்தத்தில் ஏறி, வயிற்றில் போய் இறங்குகிறது. உங்கள் லிபிட் புரொஃபைல் ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள், அதே பெயர் இருக்கும்! ஸ்காட்லாந்தில் 1980-களில், ரத்தத்தில் இந்தப் பொட்டலம் குறைவாக உள்ள கோழிகளாகப் பொறுக்கி இணைத்தே ஒரு ஒல்லி வம்சத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

'அப்போ நாட்டுக்கோழியே வாங்கிடலாமே?' என்கிறீர்களா? மேய்ந்து திரிந்த கோழிக்குத் தொப்பை குறைவுதான். ஆனால் அடைத்துவைத்து, புரதம் குறைந்த தீனியாகப் போட்டால் அதுவும் கொழுக்கும். சேவலைவிடப் பெட்டைக்கு, இளசைவிட முற்றலுக்குக் கொழுப்பு அதிகம். தவிர, இன்று 'நாட்டுக்கோழி' என்ற பெயரில் பண்ணையில் வளர்ந்த கலப்பினமும் விற்கிறது. இன்னொரு வேடிக்கை! பிராய்லரைத் தோல் உரித்து வாங்குகிற நாம், நாட்டுக்கோழியை மட்டும் மஞ்சள் தடவி, நெருப்பில் வாட்டி, தோலோடு சாப்பிடுகிறோம்.

விஷயமே அந்தத் தோலில்தான் இருக்கிறது. மாட்டுக்கறி, ஆட்டுக்கறியில் சதைக்கு நடுவிலேயே கொழுப்பு ஓடும். கோழியிலோ பெரும்பகுதி வயிற்றுக்குள்ளும் தோலுக்கு அடியிலும் தனியாக உட்கார்ந்திருக்கிறது. தோலோடு உள்ள நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 9 கிராம் கொழுப்பு. தோலை எடுத்துவிட்டால் சுமார் 3 கிராம்தான். தொடைக்கறியில் சற்றுக் கூடுதல். பல வருஷம் பொறுக்கிச் சேர்த்த கொழுப்பில் பாதிக்கு மேல் கடைக்காரரின் கத்தியிலேயே போய்விடும்! கழுத்துப் பக்கமும், வால் பக்கமும், கல்லீரல் ஓரத்திலும் ஒட்டியிருப்பதை வீட்டில் நீங்களே கிள்ளி எடுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு, அரை மூடித் தேங்காய் அரைத்து ஊற்றி, எண்ணெய் மிதக்க வதக்கினால் கோழியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. சூப் வைப்பதானால் முதல் நாள் ராத்திரியே வேகவைத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளை ஆடை உறைந்திருக்கும். கரண்டியால் வழித்துப் போட்டுவிட்டு, அப்புறம் மிளகு தட்டிப் போட்டுச் சூடாக்குங்கள்.