தோட்ட மின்னிலையத்தில் நிலைமாற்றியும் புவித்தொடுப்பும்

நீர்வலுவினால் இயங்கும் தேயிலைத் தொழிற்சாலை இலங்கை மலைநாட்டுக்குப் புதியதன்று. இங்கிலாந்தின் கென்டல் நகரத்துக் கில்க்ஸ் கம்பனியார் அனுப்பிய சுழலிகள் தோட்டத்து ஓடைநீரிற் சுழன்று, கொழுந்து அரைக்கும் பொறிகளை இயக்கிய காலம் ஒன்றிருந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டில் நாட்டின் நீர்வலுவைப் பற்றி ஆய்வுரை நிகழ்த்தினார். 1950இல் லக்ஷபான நிலையம் இயங்கலாயிற்று. அதன்பின் தேசிய மின்கம்பிகள் தோட்டங்களை எட்ட எட்ட, ஓடைச் சுழலிகள் பல துருவேறிக் கிடந்தன. 1990களில், 10 மெகாவாற்றுக்கு மேற்படாத சிறு நிலையங்களும் தேசிய வலையமைப்புக்கு மின்னை விற்கலாம் என்ற ஏற்பாடு வந்தபோது அவ்வோடைகள் மறுவாழ்வு பெற்றன. குருவிற்றைப் பகுதியின் எரத்ன நிலையம் அவ்வகையிற் பெரியது.

தன் தொழிற்சாலைக்கு மட்டும் மின் பிறப்பித்த காலத்தில் எழாத வினா ஒன்று, விற்கத் தொடங்கியதும் எழுகின்றது. பிறப்பாக்கி தருவது 400 உவோற்று. வெளியே செல்லும் கம்பியிலோ 33,000 உவோற்று. இடையில் நிற்கும் நிலைமாற்றியின் சுருள்களை எவ்வாறு தொடுப்பது?

மூன்று அவத்தைச் சுருள்களின் ஒருமுனைகளை ஒரு புள்ளியிற் கூட்டினால் அது உடுத்தொடுப்பு, அப்புள்ளி நடுநிலை. சுருள்களை ஒன்றன் முனையோடு மற்றொன்றின் முனையாக வளையமாக்கினால் முக்கோணத்தொடுப்பு. அதற்கு நடுநிலை இல்லை. வேறுபாடு இவ்வளவே. ஆயினும், நடுநிலை இல்லாத பக்கத்தைப் புவியோடு பிணைக்க வழியில்லை என்பதிலிருந்தே இடர்கள் யாவும் பிறக்கின்றன.

ஊர்களில் கம்பத்தின்மேற் காணப்படும் நிலைமாற்றியில் உயரழுத்தப் பக்கம் முக்கோணம். வீட்டுப் பக்கம் புவித்தொடுத்த உடு. அது எளிதிற் கிடைக்கும். மின்னை எத்திசையிலும் கடத்தும். எனவே அதையே தோட்ட நிலையத்துக்கும் வைத்துவிடத் தோன்றும். மழைக்காலத்தில் மரக்கிளை முறிந்து ஓர் அவத்தைக் கம்பி தேயிலைச் செடிமேல் வீழ்கிறது எனக் கொள்க. தொலைவிலுள்ள உபநிலையம் பழுதை உணர்ந்து தன் ஆளியைத் திறந்துவிடும். ஆனால் ஓடைநீர் நிற்கவில்லை. பிறப்பாக்கி கம்பியைத் தொடர்ந்து ஊட்டுகின்றது. முக்கோணப் பக்கத்துக்குப் புவிப்பிணைப்பு இல்லாமையால் வீழ்ந்த கம்பியிற் பெருமின்னோட்டம் ஓடாது. மிகைமின்னோட்ட அஞ்சலி வாளாவிருக்கும். மற்றை இரு கம்பிகளோ, வழக்கமாகப் புவிக்கு 19,000 உவோற்றில் நின்றவை, 33,000 உவோற்றுக்கு ஏறும். காவலிகளும் மின்னற்காப்பிகளும் இதைத் தாங்குமா என்பது ஒருபுறமிருக்க, கம்பி செத்துவிட்டது என்றெண்ணி ஏறும் தொழிலாளியின் நிலை யாது?

மாற்றுவழி, உயரழுத்தப் பக்கத்தை உடுவாக்கிப் புவித்தொடுத்து, பிறப்பாக்கிப் பக்கத்தை முக்கோணமாக்குவது. அப்போது பழுதில் மின்னோட்டம் ஓடும், தோட்டத்து அஞ்சலி விழித்துக்கொள்ளும், அழுத்தமும் ஏறாது. இதற்கும் விலை உண்டு. புவிப்பழுது மின்னோட்டத்தில் ஒரு பங்கைத் தோட்டம் ஏற்றுக்கொள்வதால், உபநிலையத்தின் அஞ்சலி காண்பது குறையும். நடுநிலையில் ஒரு தடையோ தடங்கற் சுருளோ வைத்து அப்பங்கைச் சுருக்குதல் வேண்டும். தை, மாசி வறட்சியிற் சுழலி நின்று, தொழிற்சாலை வெளிமின்னை வாங்கும்போது மற்றொரு குறை வெளிப்படும்: 400 உவோற்றுப் பக்கம் முக்கோணமாதலால் விளக்குகளுக்கு வேண்டிய நடுநிலைக் கம்பியே இராது. ஆதலால் தொழிற்சாலைக்குத் தனி நிலைமாற்றி வேண்டும். சிறு தோட்டத்துக்கு அச்செலவு கட்டுபடியாகாதெனின், பழைய வகையையே வைத்து, உயரழுத்தப் பக்கத்தில் நடுநிலைப் பெயர்ச்சி அழுத்தத்தை அளக்கும் அஞ்சலியைச் சேர்த்துப் பிறப்பாக்கியை உடனே விலக்கலாம். அவ்வஞ்சலியுமின்றி நடத்துவது சிக்கனம் ஆகாது.

1992இல் இயங்கத் தொடங்கிய சமனலவெவ, 60 மெகாவாற்றுப் பிறப்பாக்கிகள் இரண்டு கொண்டது; அதன் மின் 132,000 உவோற்றில் வெளியேறுகின்றது. அத்தகைய பெருநிலையங்களிற் பிறப்பாக்கிப் பக்கம் முக்கோணமும் கம்பிப் பக்கம் புவித்தொடுத்த உடுவும் என்பதே பொதுவழக்கு. பிறப்பாக்கியின் நடுநிலையை நேரே புவியோடு பிணைப்பதில்லை. பிணைத்தால் ஓரவத்தைப் பழுதின் மின்னோட்டம் மூவவத்தைப் பழுதினதையும் விஞ்சக்கூடும். தடை ஒன்றினால் அதைச் சில அம்பியருக்கு அடக்குவர். இரும்பகம் உருகாது தப்பும்.

எத்தொடுப்பாயினும் கடைசியில் மண்ணிடமே வருகின்றது. சப்பிரகமுவத்தில் மழைக்குக் குறைவில்லை. ஆனால் சரிவுகளில் மண்ணின் ஆழம் குறைவு, கீழே பாறை. ஒற்றைக் கோலை அடித்துவிட்டு ஈரத்தை நம்பினால் போதாது. புவித்தடை 10 ஓம் ஆகவும் பழுது மின்னோட்டம் 20 அம்பியர் ஆகவும் இருப்பின், தொழிற்சாலையின் இரும்புச் சட்டகம் 200 உவோற்றுக்கு உயரும். அதே புவியோடு லயத்து விளக்குக் கம்பியின் நடுநிலையும் இணைந்திருந்தால் அவ்வழுத்தம் லயத்து வாசல்வரை செல்லும். ஆகவே பல கோல்களை இடைவெளி விட்டு அடித்து, செப்புப் பட்டையைச் சரிவின் குறுக்கே நீளப் புதைத்து, வறட்சிக் காலத்திலேயே தடையை அளந்து பார்த்தல் வேண்டும். ஐப்பசி மழையில் அளந்த எண் மாசியில் நில்லாது.