ஆபிரகாம் லிங்கனின் தங்கக் கடிகாரம்

ஆபிரகாம் லிங்கனின் தங்கக் கடிகாரம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் 16ஆவது குடியரசுத் தலைவரான ஆபிரகாம் லிங்கன் பயன்படுத்திய சட்டைப்பைக் கடிகாரம் ஆகும். இது வாசிங்டனில் உள்ள அமெரிக்க வரலாற்றுத் தேசிய அருங்காட்சியகத்திற்கு உரியது. 1861இல் இதனைப் பழுதுபார்த்த தொழிலாளி ஒருவர் இதன் உட்புறத்தில் மறைவாகப் பொறித்த வாசகம், ஏறத்தாழ 148 ஆண்டுகளுக்குப் பின்னர் 2009இல் வெளிப்பட்டது.

வரலாறு

இங்கிலாந்தில் செய்யப்பட்ட இக்கடிகாரத்தை, இலினொய் மாநிலத்தின் இசுப்பிரிங்பீல்டு நகரில் வழக்கறிஞராக இருந்தபோது, 1850களில் லிங்கன் வாங்கினார். எளிய தோற்றம் கொண்ட அவரிடம் இருந்த விலையுயர்ந்த பொருள்களுள் இதுவும் ஒன்று. 1958இல் லிங்கனின் கொள்ளுப்பேரன் லிங்கன் ஐசாம் இதனை அருங்காட்சியகத்திற்கு வழங்கினார்.

டில்லனின் கூற்று

ஏப்ரல் 12, 1861 அன்று தென் கரோலினாவின் சார்ல்சுடன் துறைமுகத்திலுள்ள சம்ட்டர் கோட்டை தாக்கப்பட்டது. இதனுடன் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அயர்லாந்திலிருந்து குடியேறிய ஜொனாதன் டில்லன் அப்போது வாசிங்டனில் ஒரு கடிகாரக் கடையில் பணியாற்றி வந்தார். 1906இல், முதுமையில், நியூயார்க் டைம்சு நாளிதழுக்கு அவர் அளித்த பேட்டியில், போர்ச் செய்தி வந்தபோது லிங்கனின் கடிகாரம் தன் கையில் இருந்ததாகத் தெரிவித்தார். முகப்புத் தகட்டைக் கழற்றி, கூரிய கருவியால் அடியிலிருந்த உலோகத்தில் எழுதியதாகவும் கூறினார். அடிமை முறை ஒழிந்தது என்றும், முயலக்கூடிய தலைவர் ஒருவர் கிடைத்தமைக்கு இறைவனுக்கு நன்றி என்றும் எழுதியதாக அவர் நினைவுகூர்ந்தார்.

பொறிப்பு கண்டறியப்படல்

டில்லனின் வழித்தோன்றல் ஒருவர் இச்செய்தியை அருங்காட்சியகத்திற்குத் தெரிவித்தார். மார்ச் 10, 2009 அன்று கடிகாரம் செய்தியாளர்கள் முன்னிலையில் திறக்கப்பட்டது. டில்லனின் கையொப்பத்துடன் பொறிப்பு காணப்பட்டது. ஆனால் வாசகம் வேறாக இருந்தது. சம்ட்டர் கோட்டை கிளர்ச்சியாளர்களால் தாக்கப்பட்டது என்றும், நமக்கு ஓர் அரசு இருப்பதற்கு இறைவனுக்கு நன்றி என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. அடிமை முறை பற்றியோ குடியரசுத் தலைவர் பற்றியோ எதுவும் இல்லை. தாக்குதல் நாளும் ஏப்ரல் 13 எனக் குறிக்கப்பட்டிருந்தது. அது கோட்டை சரணடைந்த நாளாகும். 1864 என்ற ஆண்டுடன் மற்றொருவரின் பெயரும், எதிர்த்தரப்பான தென் மாநிலக் கூட்டமைப்பின் தலைவர் ஜெபர்சன் டேவிசின் பெயரும் உள்ளே காணப்பட்டன.

முக்கியத்துவம்

1861 மார்ச்சில் பதவியேற்றபோது, அடிமை முறை நிலவிய மாநிலங்களில் அதில் தலையிடும் நோக்கம் தமக்கில்லை என லிங்கன் அறிவித்திருந்தார். விடுதலைப் பிரகடனம் 1863இலும், அடிமை முறையை நாடு முழுவதும் ஒழித்த அரசியலமைப்புத் திருத்தம் 1865இலும் நடைமுறைக்கு வந்தன. போரின் தொடக்கத்தில் ஒரு தொழிலாளிக்கு முதன்மையாகத் தோன்றியது அரசு நிலைத்திருப்பதே என்பதை உலோகத்தில் உள்ள வாசகம் காட்டுகிறது. 45 ஆண்டுகளுக்குப் பிந்தைய அவரது நினைவில் போரின் விளைவும் கலந்துவிட்டதாகக் கருத இடமுண்டு. வாய்மொழிச் சான்றையும் சமகாலச் சான்றையும் ஒப்பிட்டு ஆராய்வதன் தேவைக்கு இக்கடிகாரம் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.